பாவம் யார் கணக்கில்?

1905 மார்ச் 20. அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து, கட்டடம் சரிந்து தீப்பற்றியது. 58 பேர் மாண்டார்கள். பாய்லரை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்ல நாடு முழுமைக்கும் பொதுவான விதி அன்று இல்லை. அதை எழுதியது அரசல்ல. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் எழுதி 1915-இல் வெளியிட்டது. இன்றுவரை அந்த வேலையில் பெரும்பங்கு, கூலி வாங்காத உறுப்பினர்களுடையது. தர்ம காரியம் என்றால் அதுதான்.

அதற்குள் 1971-இல் ஒரு திரிபு நுழைந்தது.

பாய்லரில் தண்ணீர் குறைந்தால் எரிபொருள் தானாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கலம் காய்ந்து வெடிக்கும். நிறுத்தும் கருவி விற்பனையில் கொடிகட்டிப் பறந்தது மெக்டானல் அண்ட் மில்லர். ஹைட்ரோலெவல் என்ற சிறு நிறுவனம், சற்றுத் தாமதித்து நிறுத்தும் கருவியோடு வந்து, மெக்டானலின் முக்கிய வாடிக்கையாளர் ஒருவரைக் கவர்ந்துகொண்டது. உடனே சங்கத்துக்கு ஒரு கடிதம் போனது: இப்படித் தாமதிக்கலாமா? கடிதம் உருவானபோது உடனிருந்தவர்கள், சங்கத்தின் துணைக்குழுத் தலைவரும் துணைத்தலைவரும். துணைத்தலைவர் மெக்டானல் நிறுவன அதிகாரி. கேள்வியைத் திருத்திய தலைவரே பதிலையும் எழுதினார். விதிநூல் தடுக்காத ஒன்று அந்தப் பதிலில் ஆபத்தானதாகத் தோன்றியது. சங்கத்தின் பெயர் அச்சிட்ட அந்தத் தாளை மெக்டானல் விற்பனையாளர்கள் ஊரெல்லாம் காட்டினார்கள்.

ஹைட்ரோலெவல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. சங்கம் கேட்டது: இதில் எங்களுக்கு ஒரு காசு லாபமில்லை, யாரோ இருவர் செய்த வினை எங்களை எப்படிச் சேரும்?

லேசாக ஒதுக்கக்கூடிய கேள்வியல்ல. உடலும் மனமும் இல்லாத சங்கம் பாவம் செய்யுமா? சிலப்பதிகாரத்தின் மதுரையிலும் பொய் சொன்னவன் பொற்கொல்லன்தான். பாண்டியன் அதில் ஆதாயம் தேடவில்லை. ஆனாலும் பழியைத் தன்மேல் ஏற்று உயிர்விட்டான். கோவலனைக் கொன்றது அரசாணை. பொற்கொல்லன் சொல்லுக்குத் தனியே அந்த வலிமை கிடையாது. சங்கத்தின் விதியை 46 மாநிலங்கள் சட்டமாக ஏற்றிருந்தன. அந்த மதிப்பு இல்லாவிட்டால் ஒரு வியாபாரியின் கடிதத்தை யார் நம்பியிருப்பார்கள்?

1982-இல் ஆறு நீதிபதிகள் சங்கமே பொறுப்பு என்றார்கள், மூவர் மறுத்தார்கள். லாபம் தேடாத அமைப்பின்மீது இத்தனை சுமை ஏற்றலாமா என்ற அவர்கள் கவலையிலும் நியாயம் உண்டு. ஆனால் நம்பிக்கையை வாங்கிக்கொண்டவர், அதைக் காக்கும் காவலையும் சேர்த்தே வாங்குகிறார். தவறு நுழையாமல் கதவடைக்க வேறு யாராலும் முடியாது.

தீர்ப்பு வந்தபோது ஹைட்ரோலெவல் தொழிலை மூடியிருந்தது.