மடி ஓர் இருக்கை அல்ல

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த ஐந்தாம் நாள், மதுரையில் மருத்துவமனையிலிருந்து விருதுநகருக்கு அழைத்துப் போக வேண்டும். காரில் குழந்தைக்கான தனி இருக்கையைப் பின்னோக்கியபடி சீட் பெல்ட்டால் கட்டும் வேலை என்னிடம் வந்தது. தங்கையின் கணவருக்கு அந்தக் காரின் ஒவ்வொரு திருகும் தெரியும். இருக்கையோடு வந்த விளக்கப் புத்தகத்தை மட்டும் அவர் பிரித்திருக்கவில்லை. "நீங்க படிச்சவங்க மதினி, பாத்துச் செய்ங்க" என்றார்.

அரை மணி நேரம் ஆயிற்று. ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் இதை ஒருபோதும் வைக்கக்கூடாது. விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னாலிருக்கும் முதுகுப் பகுதியில் நேராக வந்து மோதும். ஆகவே பின்னிருக்கைதான். பெல்ட் போக வேண்டிய வழி எங்கள் இருக்கையில் நீல நிறத்தில் குறிக்கப்பட்டிருந்தது. இடுப்புப் பட்டையை இரண்டு பக்கமும் உள்ள நீலக் கொக்கிகளுக்குள் செலுத்திப் பூட்ட வேண்டும். தோள்பட்டையை இருக்கையின் முதுகைச் சுற்றிக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். எங்கும் முறுக்கு விழக்கூடாது. பிறகு ஒரு கையால் இருக்கையை அழுத்திக்கொண்டு, மறுகையால் தளர்வை எல்லாம் இழுத்தெடுக்க வேண்டும். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. சாய்வும் சரியாக இருக்க வேண்டும். அதிகம் நிமிர்ந்திருந்தால் பச்சைக்குழந்தையின் தலை முன்னால் தொங்கி மூச்சுவழி அடைபடும்.

அம்மா தன் பழைய நூல் சேலைத் துணியில் குழந்தையைச் சுற்றி வைத்திருந்தாள். அதைப் பிரிக்கச் சொன்னேன். பட்டை கால்களுக்கு நடுவே வர வேண்டும்; தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ கிளம்பி உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். பூட்டிய பிறகு மேலே துணியைப் போர்த்தலாம். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அஞ்சு நாள் பிள்ளைய இப்படியா கட்டிப்போடுவாக? எம் மடிக்கு என்ன வந்துச்சு? ஒங்க ரெண்டு பேரையும் மடியில வச்சுத்தான கொண்டாந்தேன்?"

சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை இது. எங்கள் இருவரையும் அம்மா மடியில் வைத்துத்தான் பேருந்தில் கொண்டுவந்தாள். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் போனதைத்தான் மடியின் வலிமை என்று நாங்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டோம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ மோதிப் பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இல்லை. எந்தப் பயில்வானின் கைக்கும் இல்லை. அன்பு கூடக்கூடக் கையின் பலம் கூடுவதில்லை.

குழந்தை ஏன் பின்னோக்கி உட்கார வேண்டும் என்பதற்கும் காரணம் எளியது. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்தெலும்புகள் இன்னும் கெட்டிப்படவில்லை. முன்னோக்கி அமர்ந்திருந்தால் உடலைப் பட்டை பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. பின்னோக்கி இருந்தால் அந்த விசையைத் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து இருக்கையின் முதுகில் பரப்பிக் கொடுத்துவிடும். சுவீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன் 1960களின் தொடக்கத்தில் இப்படியோர் இருக்கையை வடிவமைத்தார். விண்கலம் கிளம்பும்போது விசை முதுகில் பரவும்படி விண்வெளி வீரர்களைச் சாய்த்து அமர்த்தியிருந்த முறை அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. இன்று அந்த நாட்டில் குழந்தைகள் நான்கு வயது வரைகூடப் பின்னோக்கியே பயணம் செய்கிறார்கள்.

உலகிலேயே பாதுகாப்பான இடம் தாயின் மடி என்று மேடைதோறும் சொல்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இனி எழுதமாட்டேன். அது குழந்தைக்கு மட்டும் தீங்கல்ல. விபத்தில் குழந்தையை இழந்த தாய், தன் பிடி நழுவிவிட்டது என்றே சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். சுற்றியிருப்பவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். யாராலும் பிடிக்க முடியாததைப் பிடிக்கச் சொல்லி அவள் கையில் கொடுத்தது யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவலாக நாம் நிறுத்தும் அந்தப் பெண்ணுடலையே கார் உலகம் ஒழுங்காக அளந்து பார்த்ததில்லை. மோதல் சோதனைகளில் பல பத்தாண்டுகளாக நடுநாயகமாக அமர்ந்திருக்கும் பொம்மை, 1976இல் வந்த, சராசரி ஆணின் அளவு கொண்ட ஒன்று. பெண்ணுக்கென்று வைத்திருந்தது பெரும்பாலும் அதன் சிறுத்த வடிவம். சராசரிப் பெண்ணின் உடலமைப்பைக் கொண்ட சோதனைப் பொம்மையை ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு சுவீடனில் வெளிக்கொண்டுவந்தது 2022இல்தான். மடியைப் போற்றுவதற்கும் அந்த மடிக்கு உரியவளை அளவெடுப்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம்.

கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் குழந்தை அழத் தொடங்கியது. பசி. தங்கையின் ரவிக்கை நனைந்துவிட்டது. "எடுத்துக் குடுத்துரு, இன்னும் கொஞ்ச தூரந்தான" என்றார் அவள் கணவர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அழுகையைத் தாங்க முடியாத தகப்பன்தான் அவர். ஆனால் அந்த வாக்கியத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. குழந்தையை எடு என்பது எளிது. வண்டியை நிறுத்து என்பது கடினம். குழந்தையை எடுத்தால் வளைந்துகொடுப்பது தாயின் உடல் ஒன்றுதான். வண்டி நின்றால் எல்லோருடைய நேரமும் வளைந்துகொடுக்க வேண்டும். மற்றவர்கள் நிற்காமல் போவதற்காகப் பெண் தன் உடலை இடையில் வைக்கும்போதெல்லாம் அதற்குத் தாய்மை என்று பெயர் சூட்டிவிடுகிறோம். சமையற்கட்டிலும் இதுதான் நடக்கிறது, நோயாளியின் கட்டிலருகிலும் இதுதான்.

"ஏங்க, நிறுத்துங்க" என்றாள் தங்கை. திருமங்கலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம் வண்டி நின்றது.

இருக்கை வந்துவிட்டால் நியாயம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது பல ஆயிரம் ரூபாய். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். கார் இல்லாத வீடுகளில் கணவன் பைக் ஓட்ட, மனைவி ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் பின்கம்பியையும் மறுகையால் குழந்தையையும் பிடித்துக்கொள்கிறாள். அவர்களுக்கும் விதி உண்டு: 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம். 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சாலையில் நான் இன்றும் பார்ப்பது அந்தப் பெண்ணின் கையை மட்டும்தான்.

அவளிடம் போய் "உன் கை போதாது" என்று சொல்வது எளிது. அதைச் சொல்லும் உரிமை, போதுமான ஒன்றை அவளுக்குக் கிடைக்கச் செய்பவருக்கே உண்டு. இல்லையென்றால் அது இன்னொரு பழி; அவ்வளவே. படிப்பதும் கட்டுவதும் சரிபார்ப்பதும் பெண்கள் தலையில் விழுந்து, ஏதாவது நேர்ந்தால் "பெல்ட்டைச் சரியாப் போட்டியா?" என்ற கேள்வியும் அவளிடமே வருமானால், மடி இருந்த இடத்துக்கு இருக்கை வந்திருக்கிறது, வேறெதுவும் மாறவில்லை.

நம் மொழியில் கைவிடுதல் என்றால் துறந்துவிடுதல். அதனால்தான் அம்மாவுக்கு அந்த இருக்கை கொடுமையாகத் தெரிந்தது. பேத்தியைத் தான் கைவிட்டதாக நினைத்தாள். ஆனால் என் கை போதாது என்று அறிந்து, போதுமான ஒன்றைத் தேடிக் கட்டிவிட்டுக் கையை எடுப்பதும் பற்றுதான். அதில் பெருமை கொஞ்சம் குறைவு.

பால் குடித்து முடிந்ததும் குழந்தையை இருக்கையில் வைக்கும் முறை தகப்பனுக்கு என்று சொல்லிவிட்டேன். பூட்டி முடித்து நிமிர்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இடது தோள்ல பட்டை முறுக்கிருக்கு. அவுத்துத் திரும்பப் போடுங்க மாப்ள."