பாட்டின் அடியில் யார் பெயர்?

1869ஆம் ஆண்டு கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு ஒரு மானநஷ்ட வழக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். எதிர்த்தரப்பில் வடலூர் இராமலிங்க சுவாமிகள். சிதம்பரத்தில் நாவலரைப் பற்றிப் பேசப்பட்ட பேச்சுதான் வழக்குக்குக் காரணம். ஆனால் வழக்குக்கு அடியில் கிடந்த சண்டை வேறு. நம்மோடு வாழ்கிற ஒரு மனிதர் பாடியதை, தேவாரம் திருவாசகத்தின் வரிசையில் வைத்து 'அருட்பா' என்று சொல்லலாமா? பாட்டு மனிதனிடமிருந்து வருகிறதா, அருளிடமிருந்து வருகிறதா?

107 ஆண்டுகள் கழித்து, 1976இல், நியூயார்க்கில் இன்னொரு நீதிபதி ஏறக்குறைய இதே கேள்வியைத் தொட்டார். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1970இல் 'மை ஸ்வீட் லார்ட்' என்ற பாட்டை வெளியிட்டிருந்தார். இறைவனைக் காணத் துடிக்கிற பாட்டு. அல்லேலூயாவில் தொடங்கி ஹரே கிருஷ்ணாவில் போய்ச் சேரும். அதன் மெட்டு, ரானி மேக் எழுதி 1963இல் ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய 'ஹீ இஸ் ஸோ ஃபைன்' பாட்டின் மெட்டு என்று வழக்கு. நீதிபதி அந்த மெட்டைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். நம் சுரத்தில் சொன்னால், ப-க-ரி என்று இறங்கும் ஒரு சிறு துண்டு; ப-த-ஸ-த-ஸ என்று ஏறும் இன்னொரு துண்டு; இரண்டும் திரும்பத் திரும்ப. ஹாரிசன் தெரிந்து திருடவில்லை, எப்போதோ கேட்டது ஆழ்மனத்தில் கிடந்து மேலே வந்திருக்கிறது, ஆனாலும் அது உரிமை மீறல்தான் என்று தீர்ப்பு.

நான் ராக் பாடகன். திருவந்திபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். மேடையில் என் பாட்டு முடிந்து கூட்டம் ஆர்ப்பரிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு வழக்குகளும் எனக்குள் நடக்கின்றன. ஹாரிசன் மெட்டின் அந்த ஐந்து சுரங்களும் நம் மோகனத்தில் அடக்கம். மோகனத்தில் பாடியதற்காக யாரும் யார் மீதும் வழக்குப் போடுவதில்லை. ராகம் ஊர்ப் பொது. அப்படியானால் பாடுகிறவனுக்கு என்று என்னதான் மிஞ்சுகிறது? அவன் பெயர் எதற்கு?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியோடு வாழ்ந்த ஒருவர் உண்டு. 1268இல் காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், கெடிலக் கரையில் தேவநாதப் பெருமாள் சந்நிதியில் பல காலம் தங்கியிருந்தார். கோயிலுக்கு எதிரே இருக்கும் ஔஷதகிரியில் அவர் தவமிருந்து கருடனிடம் மந்திரம் பெற்றதாகவும், பிறகு ஹயக்ரீவரே நேரில் வந்ததாகவும் மரபு. 74 படி ஏறினால் ஹயக்ரீவர் சந்நிதி. பரீட்சைக்கு முன்னால் பேனாவும் ஹால் டிக்கெட்டும் வைத்து எடுத்துப் போகப் பிள்ளைகள் வருவார்கள். என்னையும் அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள்.

ஹயக்ரீவர் மேல் தேசிகர் பாடிய துதியில் என்னை உலுக்கிய இடம் அதன் கடைசிச் சுலோகம். தன் வாக்கே ஹயக்ரீவர் கொடுத்தது என்று நம்பியவர், இதைச் செய்தது வேங்கடநாதன் என்று தன் பெயரை அங்கே வைக்கிறார். வெறும் பெயர் மட்டுமல்ல. கவிகளிலும் தர்க்கிகளிலும் சிங்கம் என்ற விருதையும் சேர்த்தே வைக்கிறார். சின்ன வயதில் இது எனக்குப் புரியவில்லை. எல்லாம் அவன் கொடுத்தது என்றால், கையெழுத்து எதற்கு?

பதில் அவருடைய சித்தாந்தத்திலேயே இருக்கிறது. விசிஷ்டாத்வைதத்தில் ஜீவன் பொம்மை இல்லை. அவன் உண்மையாகவே கர்த்தா. ஆனால் அந்தக் கர்த்ருத்வம் ஈஸ்வரனைச் சார்ந்து நிற்பது. அதனால்தான் விடவேண்டியது மூன்று என்கிறார்கள்: நானே சுதந்திரமாகச் செய்தேன் என்பதை விடு, என்னுடையது என்பதை விடு, பலன் எனக்கு என்பதை விடு. செய்வதை விடு என்று அதில் எங்கும் இல்லை. தேசிகர் வழிவந்த வடகலையார் குரங்குக் குட்டியைச் சொல்வார்கள். தாய்தான் தாவுகிறது, தாய்தான் கரை சேர்க்கிறது. ஆனாலும் குட்டி வயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பற்றுதல் சாதகம். விடிகாலையில் மந்திர ஸ்தாயியில் நின்று குரலைப் பிடித்து வைப்பதும், ஒரே பல்லவியைத் தொண்டை கட்டும்வரை பாடிப் பார்ப்பதும்தான். பாட்டு வருவது என் கையில் இல்லை. வரும்போது நான் இருப்பது என் கையில்தான் இருக்கிறது.

மேடையில் நின்று "நான் ஒன்றுமில்லை" என்று சொல்லும் பணிவு ஒன்று இருக்கிறது. அதை நான் நம்புவதில்லை. அது உழைப்பையும் பொய்யாக்கி, கொடுத்தவனையும் பொய்யாக்குகிறது. ஆனால் 2009இல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர்.ரஹ்மான் தமிழில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவர் கொடுத்துவிட்டது புகழை. உழைப்பை இல்லை என்று சொல்லவில்லை. சென்னையில் ராக் குழுவில் கீபோர்டு வாசித்த காலத்திலிருந்து அந்த மனிதர் உழைத்த உழைப்பு அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றது. வள்ளலார் எனப்படும் இராமலிங்க சுவாமிகளும் இப்படித்தான். தன் பாட்டுக்கு அருள் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் 1867இல் வெளிவந்த திருவருட்பாவை அச்சேற்றும் ஏற்பாடு நடந்தபோது, 'இராமலிங்கசாமி' என்று பெயர் போடுவதே ஆரவாரமாகத் தோன்றுகிறது, வேண்டாம் என்று கடிதம் எழுதினார். வழக்கு அதற்குப் பிறகு வந்தது. புகழைத் தள்ளியவரையும் புகழின் சண்டை விடவில்லை.

சிதம்பரத்துக் கதை இதற்கெல்லாம் மேலே. தில்லையில் ஒரு அந்தணர் வந்து மாணிக்கவாசகரைப் பாடச் சொல்லி, கேட்டுக் கேட்டு ஏட்டில் எழுதிக்கொண்டாராம். மறுநாள் அந்த ஏடு கனகசபையின் பஞ்சாட்சரப் படியில் கிடந்தது. அடியில் கையெழுத்து, அழகிய திருச்சிற்றம்பலமுடையான் என்று. நான் பார்ப்பது அந்தக் கையெழுத்தோடு வருகிற இன்னொரு பெயரை. எழுதியது தான், சொன்னது மாணிக்கவாசகன் என்று இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறார் நடராஜர். பாட்டையே கொடுத்தவன், பாடியவன் பெயரை மறைக்கவில்லை. இதைவிடப் பெரிய நியாயத்தை எந்தக் காப்புரிமைச் சட்டத்திலும் நான் காணவில்லை.

இனி என் பாட்டின் அடியில் யார் பெயரெல்லாம் வரவேண்டும் என்று பார்க்கிறேன்.

திருவந்திபுரம் கல்யாண ஊர். பெரிய முகூர்த்த நாளில் மலையிலும் அடிவாரத்து மண்டபங்களிலும் ஒரே நேரத்தில் வரிசையாகத் தாலி கட்டுவார்கள். இந்தப் பக்கம் ஒரு நாதஸ்வரம் ஆனந்தபைரவியில் நிற்கும்போது அந்தப் பக்கம் இன்னொன்று கல்யாணியை எடுக்கும். யாரோ ஒருவர் விரலை ஆட்ட, ஒரு தவில் கெட்டிமேளத்தில் இறங்கும். அது ஓய்வதற்குள் பக்கத்து மேளம் பிடித்துக்கொள்ளும். தவிலின் வலந்தலையில் விரல் கூடுகளும் தொப்பியில் குச்சியும் விழுகிற அந்த அடி, காதில் இல்லை, நெஞ்செலும்பில் கேட்கும். ஆம்ப்ளிஃபயர் என்ற ஒன்றைப் பார்க்கும் முன்பே சத்தத்தின் உடம்பை எனக்குக் காட்டியவர்கள் அந்தத் தவில்காரர்கள். என் பாட்டுகளில் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றாக வேகம் பிடிக்கிற இடமெல்லாம் கெட்டிமேளம்தான். கேட்பவர்கள் லெட் செப்பலின் என்பார்கள். லெட் செப்பலின் எனக்குப் பிறகுதான் கிடைத்தது.

அந்த வித்வான்கள் யார்? தாலி ஏறியதும் கூட்டம் பந்திக்குப் போய்விடும். அவர்கள் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு அடுத்த மண்டபத்துக்கு நடப்பார்கள். பெயர் கேட்டவர் யாருமில்லை. ரானி மேக்குக்கும் அதுதான் நடந்தது. அவர் பாட்டு வெற்றிபெற்ற அந்த 1963இலேயே இளம் வயதில் இறந்துபோனார். வழக்கு நடத்தியது பதிப்பு நிறுவனம். உலகம் இன்று பேசுவது ஹாரிசனைப் பற்றி.

சென்ற ஆண்டு எங்கள் நிகழ்ச்சி ஒன்றுக்கு அடித்த போஸ்டரில் என் முகம் மட்டும் இருந்தது. எங்களோடு தவில் வாசித்தவர் பெயர் இல்லை. அமைப்பாளரைக் கேட்டேன். "ஜனங்க உங்களைப் பார்க்கத்தானே வர்றாங்க, தம்பி" என்றார். அவர் கெட்டவர் இல்லை; சந்தை பேசுவதை அவர் பேசினார். அன்றிலிருந்து பாடுவதற்கு முன்பு மேடையில் நிற்கிற ஒவ்வொருவர் பெயரையும், ஊரையும், குருவின் பெயரையும் மைக்கில் சொல்கிறேன். அடுத்த ஆல்பத்தில் எங்கள் ஊர் மேளக்காரர்கள், தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவரை, பெயரோடு இருப்பார்கள். வருமானத்தில் பங்கோடும் இருப்பார்கள். இறைவனுக்குப் புகழைக் கொடுப்பது பக்தி. பக்கத்தில் நிற்பவனுக்குரியதைக் கொடுக்காமல் அந்தப் பக்தியை என்னால் செய்ய முடியவில்லை.

முன்பெல்லாம் நம் கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வர வித்வானின் பெயரையும் அச்சடிப்பார்கள். இப்போது மண்டபத்தின் பெயரும் அதற்கு வழியும்தான் இருக்கின்றன. திருவந்திபுரத்தில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்பணம் கொடுக்கும்போதே நாதஸ்வரக்காரர், தவில்காரர் பெயரைக் கேட்டு வாங்கிப் பத்திரிகையில் போடுங்கள். பந்திக்குப் போகும் முன் ஒரு நிமிடம் நின்று, அவர்கள் என்ன ராகம் வாசித்தார்கள் என்றும் கேளுங்கள்.