மானியம் யாருக்கு?

மானியம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. கோவிலுக்கும் வேதம் ஓதியவர்க்கும் வரியின்றி விடப்பட்ட நிலத்துக்கு அந்நாளில் அதுவே பெயர். உழுதவன் ஒருவன், உண்டவன் வேறொருவன். இன்று அரசு உழவர்க்கு வழங்கும் உதவித் தொகைக்கு அச்சொல்லே வந்து ஒட்டிக்கொண்டது. சொல் மட்டுந்தான் வந்ததா, பழைய குணமும் கூடவே வந்துவிட்டதா? பருத்தி விளையும் தெலங்கானாவை வைத்து எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

2018 மே திங்களில் அங்கே 'ரைத்து பந்து' திட்டம் தொடங்கிற்று. உழவனின் உறவு என்பது அதன் பொருள். பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய். மறு ஆண்டில் அது 5,000 ஆயிற்று. விதைக்கும் உரத்துக்கும் வட்டிக்காரன் வாயிலில் உழவன் நிற்கலாகாது என்பது நோக்கம். நல்ல நோக்கந்தான், மறுக்கவில்லை. வானம் பொய்த்தால் வாடும், காய்ப்புழு விழுந்தால் வீணாகும் பயிர் பருத்தி. விதையோடு கடனும் சேர்ந்தே முளைக்கிறது.

ஆனால், பணத்தை அளந்த கோல் எது? பட்டாப் புத்தகம்! 50 ஏக்கர் உடையவருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம்; 2 ஏக்கர் உடையவருக்கு 20,000; 5 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து உழுபவருக்குச் சுழி. உச்சவரம்பும் வைத்தாரில்லை. நிலத்தைப் பிறரிடம் விட்டு ஐதராபாத்தில் வீற்றிருப்பவர் உழவராம். வாரங்கல் கரிசலில் வெயிலில் நிற்பவர் அயலாராம்! குனிந்து குனிந்து பஞ்செடுத்து, காய்ந்த காயின் முனை குத்த விரல் நோகும் பெண்களோ அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி, அவ்வளவே.

பொதுப்பணத்தை ஒருவருக்கு ஏன் தரலாம்? அவர் வறியவர் என்பதற்காகத் தரலாம். உழைத்து இடரைச் சுமக்கிறார் என்பதற்காகத் தரலாம். ஏக்கர்க் கணக்கு இவ்விரண்டில் எதனைச் சாரும்? நிலம் பெரும்பாலார்க்குத் தந்தை வழி வந்தது. பிறப்பால் உயர்வு இல்லை என்று மேடைதோறும் முழங்கும் நாம், பிறப்பால் வந்த ஏக்கரை எண்ணிப் பொதுப்பணம் பங்கிடுவதை எந்த அறத்தால் ஏற்பது?

"குத்தகை வாய்ப்பேச்சு, சான்று ஏது?" என்பர். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2011-இலேயே, குத்தகை உழவர்க்குக் கடன்தகுதி அட்டை வழங்கச் சட்டம் செய்தார்கள். அந்த அட்டையால் நிலத்தில் எவ்வுரிமையும் பிறவாது என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆகவே, நிலம் பறிபோகும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. மனமிருந்தால் ஆளை அடையாளம் காணலாம் என்பதற்கு இது போதாதா? "நிலக்காரரே குத்தகையைக் குறைத்துக்கொள்வார்" என்போரும் உளர். அரசு தரவேண்டியதை ஆண்டையின் கருணையாக மாற்றுவதற்குச் சீர்திருத்தம் என்றா பெயர்?

இதைவிட நெஞ்சைச் சுடுவது ஒன்றுண்டு. 2018 ஆகஸ்டில் 'ரைத்து பீமா' வந்தது. உழவர் இறந்தால் குடும்பத்துக்கு 5 இலட்சம். அதற்கும் பட்டாவே நுழைவுச் சீட்டு! கடன்பட்டு மாண்ட குத்தகை உழவனின் மனைவி, தன் கணவன் உழவன்தான் என்று மெய்ப்பிக்க எதனைக் காட்டுவாள்? கலப்பையையா?

2023 தேர்தலில் காங்கிரசு, குத்தகை உழவர்க்கும் உண்டு என்றது. 2025 சனவரி 26 அன்று புதுப்பெயரோடு திட்டம் வந்தது: நிலமுடையோர்க்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 12,000, நிலமற்ற தொழிலாளர் குடும்பத்துக்கு 12,000. பின்னதை வரவேற்கிறோம், நெடுநாள் புறக்கணிப்பு சற்றேனும் தீர்ந்தது. ஆனால், அரை ஏக்கர் சொந்தமும் ஐந்து ஏக்கர் குத்தகையுமாகப் பருத்தி போடுபவரை எண்ணுங்கள். நிலமற்றோர் பட்டியலில் அவர் இல்லை. அரை ஏக்கருக்கு 6,000 அவர் கைக்கு வரும். அவர் உழும் மற்ற ஐந்து ஏக்கருக்கான 60,000, அவரிடம் குத்தகைப் பணமும் வாங்கிக்கொள்ளும் நிலக்காரரின் கணக்குக்குப் போகும்.