சுபாவத்தின் பின்னால் ஒளியாதீர்கள்!

"நான் அப்படித்தான் சார், சின்ன வயசிலிருந்தே முன்கோபி." "நமக்குக் கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னாடி பேச வராது." நாற்பது வயதில் இதைச் சொல்பவரின் குரலைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் வருத்தமே இருக்காது, கொஞ்சம் பெருமைகூட இருக்கும்! கேட்பவரும் "அவர் குணம் அது" என்று ஒதுங்கிக்கொள்வார். மனைவி ஒதுங்குவாள், பிள்ளை ஒதுங்கும், வரவேண்டிய பதவி உயர்வும் ஒதுங்கிப்போகும். சுபாவம் மட்டும் நடுவீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். அதற்குச் சோறு போட்டு வளர்ப்பது யார்? நீங்கள்தான்!

இந்தச் சாக்குக்குப் பெரிய இடத்துச் சிபாரிசும் உண்டு. அமெரிக்க உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸ், 1890-இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற நூலில், முப்பது வயதுக்குள் பெரும்பாலோரின் குணம் சுண்ணச்சாந்துபோல இறுகிவிடும், அப்புறம் இளகாது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். வெகுகாலம் பலரிடம் அந்தத் தீர்ப்பு செல்லுபடியானது.

2003-இல் சஞ்சய் ஸ்ரீவாஸ்தவாவும் சக ஆய்வாளர்களும் அந்தச் சாந்தைத் தட்டிப் பார்த்தார்கள். 21 முதல் 60 வயது வரை 1,32,515 பேர் தங்கள் குணம் பற்றிய கேள்விகளுக்குத் தந்த விடைகளை வயதுவாரியாக அடுக்கினார்கள். எங்கே இறுகியது? பொறுப்பும் ஒழுங்கும் இருபதுகளில் வேகமாகக் கூடின. முப்பதைத் தாண்டியும் கூடிக்கொண்டே போயின. அனுசரித்துப் போகும் குணம் மிகுதியாக வளர்ந்தது எப்போது தெரியுமா? முப்பதுகளில்! கதவைச் சாத்தியாயிற்று என்று ஜேம்ஸ் சொன்ன அதே வயதில்!

"வேறு வேறு ஆட்களைத்தானே ஒப்பிட்டார்கள், ஒரே ஆளைத் தொடர்ந்து பார்க்கவில்லையே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 92 ஆய்வுகளை பிரென்ட் ராபர்ட்ஸ் குழு 2006-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வயது ஏற ஏறப் பொறுப்பு கூடுகிறது, பதற்றம் குறைந்து நிதானம் வருகிறது என்பதே அங்கும் கிடைத்த விடை. நடுவயதிலும் முதுமையிலும்கூடக் குணங்கள் மாறியிருந்தன. "ஐம்பத்தைந்து ஆச்சு, இனிமேலா?" என்று இழுப்பவர்கள் இந்த வரியை மறுபடி படியுங்கள்.

பொய் சொல்லி உசுப்பேற்ற நான் வரவில்லை. பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு. இரட்டையர் ஆய்வுகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆட்களுக்கு இடையிலான வரிசையும் லேசில் குலையாது. முப்பதில் வாயாடியாக இருந்தவர் நாற்பதிலும் தன் வயதுக்காரர்களைவிடக் கூடுதலாகப் பேசத்தான் வாய்ப்பு அதிகம். இருக்கட்டுமே! எதிர்வீட்டுக்காரரைவிடச் சாந்தமானவர் என்று பட்டம் வாங்கியா ஆகப்போகிறது? போன வருடத்து உங்களைவிட ஒரு பிடி சாந்தம் கூடினால் போதும். உங்கள் வீட்டாருக்கு அந்த ஒரு பிடி எவ்வளவு பெரிது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

சபதம் எடுத்தே காலம் தள்ளுகிறவர்களுக்குத்தான் அடுத்த செய்தி. தங்கள் குணத்தை மாற்றிக்கொள்ள விரும்பிய 377 அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை நேதன் ஹட்சன் குழு 15 வாரம் கவனித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. வாராவாரம் அவர்கள் சின்னச் சின்னச் சவால்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கலகலப்பாக இருக்க ஆசைப்படுகிறவனுக்கு என்ன சவால்? மேடைப் பேச்சு அல்ல. கடையில் கல்லாவில் இருப்பவரைப் பார்த்து ஒரு வணக்கம், அவ்வளவுதான்! சவாலை முடித்துக் காட்டியவர்களின் குணம் அவர்கள் விரும்பிய பக்கம் நகர்ந்தது. "செய்கிறேன்" என்று தலையாட்டியதால் மட்டும் யாருக்கும் எதுவும் நகரவில்லை. ஜனவரி முதல் தேதி டைரியில் பட்டியல் போட்டு, பொங்கலுக்குள் மறந்துவிடுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடச் சூடு வேண்டுமா?

எனவே பெரிய பிரகடனம் எதுவும் வேண்டாம். முன்கோபியா? அடுத்த முறை பையன் மதிப்பெண் பட்டியலை நீட்டும்போது, முழுவதும் படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். கூச்சமா? குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கடைசி நாற்காலியை விட்டு எழுந்து, தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குரல் நடுங்கும், நடுங்கட்டும்! அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள். வேலையைத் தள்ளிப்போடுகிறவரா? மின்கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முந்தின நாளே கட்டுங்கள்.

மூன்றில் உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியும். நாளை காலை என்று சொல்லாதீர்கள். இன்று படுக்கப் போகுமுன்னேகூட அதற்கு ஒரு வாய்ப்பு வரலாம். வந்தவுடன் செய்துவிடுங்கள்!