ஆசானை இழந்தோர் கடன்



2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பௌர்ணமியன்று காந்தலூரில் தம்மம் பேசச் சென்றிருந்தோம். மறையூரிலிருந்து மலையேறும் வழியெங்கும் பனி இறங்கியிருந்தது. கூடியிருந்தோர் பூண்டும் கோசும் காரட்டும் பயிரிடும் குடியானவர்களும் அவர்தம் மக்களுமே. அன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பற்று விடுதல். பேச்சு முடிந்ததும் மஞ்சள் சட்டை அணிந்த ஓர் இளைஞர் எழுந்தார்.

"ஐயா, எங்கள் ஆசானை அனுப்பிவிட்டார்கள். பின்னால் வந்தவர் காலத்தில் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. நேற்றிரவும் தோற்றோம். எங்களுக்குக் கோபம் வருகிறது. இந்தக் கோபமும் விடவேண்டிய பற்றுத்தானா?" என்று கேட்டார்.

முதியோர் நகைத்தனர். பந்தாட்டத்திற்கும் தம்மத்திற்கும் என்ன உறவு என்றார் ஒருவர். நாம் நகைக்கவில்லை. காந்தலூரிலிருந்து கொச்சிக்குச் செல்ல ஒரு பகற்பொழுது கழியும். பூண்டு பறிக்கும் கூலியில் மிச்சம்பிடித்துப் பேருந்துக் கட்டணமும் நுழைவுச் சீட்டும் கொடுத்து, ஓர் ஆட்டம் கண்டு, மறுநாள் மீண்டும் மண்வெட்டி பிடிக்கும் பிள்ளைகள் அவர்கள். உழைப்பின் பயனை எதன் காலடியில் ஒருவன் வைக்கின்றானோ, அதனைப் பற்றி அவன் கேட்கும் கேள்வி இழிந்த கேள்வியாகாது.

அவர் ஆசான் என்றது, கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளராயிருந்த செர்பிய நாட்டினர் இவான் வுகோமனோவிச் என்பாரை. மலையாள மக்கள் களரியும் எழுத்தும் கற்பிப்போரை அழைக்கும் சொல் ஆசான். தமிழர்க்கும் அது புதிய சொல்லன்று. 2014-இல் தோன்றிய அக்கழகம், அவ்வாண்டிலும் 2016-லும் இறுதியாட்டம்வரை சென்று தோற்றது. பின்னர்த் தளர்ந்து, 2020-21 பருவத்தில் 11 அணிகளுள் 10-ஆம் இடத்தில் நின்றது. 2021-இல் இவர் பொறுப்பேற்றார். அப்பருவத்திலேயே அணி மீண்டும் இறுதியாட்டத்தை எட்டி, 2022 மார்ச்சு 20-ஆம் நாள் கோவாவில் ஐதராபாத் அணியிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. கோப்பை வரவில்லை, ஆயினும் தலைநிமிர்வு வந்தது. அதனை அளித்தவரை மக்கள் நேசித்தனர்.

2024 ஏப்ரல் 19-ஆம் நாள் புவனேசுவரத்தில் ஒடிசா அணியிடம் தோற்று அப்பருவம் முடிந்தது. ஏழு நாள் சென்று, இருதரப்பும் ஒத்துப் பிரிவதாகக் கழகம் அறிவித்தது. மே மாதத்தில் சுவீடன் நாட்டினர் மிக்கேல் ஸ்டாரே அமர்த்தப்பட்டார். அவர் கீழ் அணி ஆடிய 12 லீக் ஆட்டங்களில் வெற்றி 3, தோல்வி 7. பன்னிரண்டாவது ஆட்டமே அவ்விளைஞர் குறிப்பிட்ட முன்னாளிரவு ஆட்டம். கொல்கத்தாவில் மோகன் பகான் அணியிடம் 3-க்கு 2 என்று தோற்றிருந்தனர்.

அன்றிரவு நாம் அவருக்குக் கூறியது இது: தம்பி, துயரம் குற்றமன்று. குசிநகரில் பகவன் பரிநிர்வாணம் எய்தும் வேளை நெருங்கியபோது, இருபத்தைந்து ஆண்டு உடனிருந்து தொண்டு செய்த ஆனந்தர் கதவு நிலையிற் சாய்ந்து அழுதார். பகவன் அவரைக் கடிந்தாரில்லை. அருகழைத்து, அன்புக்குரிய யாவும் பிரியும் இயல்பின என்பதை நினைவூட்டி, அவர் செய்த தொண்டினைப் பலர் முன்னிலையில் பாராட்டினார். பிரிவு துக்கம் என்பது தம்மத்தின் முதல் உண்மையிலேயே அடங்கியது. ஆதலின் உன் துயரத்திற்கு நீ நாணவேண்டுவதில்லை. ஆனால் துயரம் வேறு, கோபம் வேறு. துயரம் போனவரை நோக்கியது. கோபம் இருப்பவரைத் தேடுவது. உன் கோபம் யாரைத் தேடுகிறது என்று பார்.

மறுநாள், அதாவது டிசம்பர் 16-இல், ஸ்டாரே தம் உதவியாளரோடு நீக்கப்பட்டார் என்ற செய்தி வந்தது. நாம் பேருந்துக்குக் காத்திருந்த தேநீர்க்கடையின் முன் இளைஞர் சிலர் வெடி கொளுத்தினர். நம்மிடம் கேள்வி கேட்டவரும் அவர்களிடையே இருந்தார். நம்மைக் கண்டதும் ஓடிவந்து, "ஐயா, போய்விட்டார்!" என்றார். முன்னிரவின் கோபத்தைக் காட்டிலும் அம்மகிழ்ச்சியே நம்மை மிகவும் வருத்தியது. ஏனெனில் அம்மகிழ்ச்சியை நாம் அறிவோம். நாமும் அதனை ஒருமுறை சுவைத்தவரே.

நாம் பஞ்சாலையில் உழைத்த நாளில், நூற்புப் பகுதிக்கு மேஸ்திரியாயிருந்தவர் தொழிலாளரைத் தம் பிள்ளைகளாக நடத்தினார். காய்ச்சல் கண்டவனை ரிங்பிரேமின் முன் நிறுத்தமாட்டார். ஒருநாள் அவரை மாற்றிவிட்டனர். காரணம் கூறவில்லை. அவரிடத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். அவர் நமக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. அந்த நாற்காலியில் அமர்ந்ததே அவர் செய்த பிழை. அறுந்த இழையை நொடியில் முடியும் நம் கைகள் வேண்டுமென்றே மெதுவாயின. கழிவுப் பஞ்சு பெருகிற்று. மேலிருப்போர் அவரைக் கடிந்தனர். ஐந்தாம் மாதம் அவரை நீக்கினர். அன்று ஷிப்டு முடிந்ததும் ஆலை வாயிலில் மிட்டாய் வழங்கினர்; நாமும் ஒன்று தின்றோம். மறுநாட் காலையில் அவர் தம் மனைவியோடும் இரண்டு பெண்குழந்தைகளோடும், தகரப் பெட்டியும் பாத்திர மூட்டையுமாகப் பேருந்து நிலையத்தில் நிற்கக் கண்டோம். அவர் நம்மைப் பார்த்து, எந்நாளும்போலக் கைகூப்பினார். பழைய மேஸ்திரி திரும்பி வரவில்லை. அவரை மாற்றியவர்களுக்கு ஒரு துரும்பும் அசையவில்லை. கைக்கு எட்டாதவனை விட்டுக் கைக்கு எட்டியவனை அடித்தோம். அதற்கு நன்றி விசுவாசம் என்று பெயரிட்டுக்கொண்டோம்.

இதனைத் தேநீர்க்கடை வாயிலில் வைத்தே அத்தம்பிக்குச் சொன்னோம். அவர் கையிலிருந்த வெடிக்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இக்குற்றம் எந்நாட்டிற்கும் பொது. இங்கிலாந்தில் டெர்பி கவுண்டி என்னும் கழகத்தை 1972-இல் நாட்டின் முதற்பட்டத்திற்கு உயர்த்திய பிரையன் கிளஃப் என்பார், நிருவாகத்தோடு பிணங்கி 1973 அக்டோபரில் விலகினார். அவரைத் திருப்பி அழைக்கவேண்டி ஊர் கிளர்ந்தது, ஆட்டக்காரரும் கிளர்ந்தனர். அவரிடத்திற்கு வந்த டேவ் மக்காய் அவ்வெறுப்பினைப் பொறுத்துத் தம் பணியைச் செய்தார். 1975-இல் அதே பட்டத்தை அதே கழகத்திற்குப் பெற்றுத் தந்தார். கிளஃபோ, 1974-இல் லீட்ஸ் யுனைடெட் கழகத்தில், அங்கே பெரிதும் போற்றப்பட்ட டான் ரெவி என்பாரின் இடத்திற்குச் சென்றார். 44 நாளில் வெளியேற்றப்பட்டார். ஓரூரில் ஆசானாயிருந்தவர் மற்றோரூரில் அயலார். மனிதர் ஒருவரே, மாறியது பார்ப்போர் கண்.

அன்பின் கண் மற்றொரு மயக்கமும் உடையது. 2023 மார்ச்சு 3-ஆம் நாள் பெங்களூரில் நடந்த ஆட்டத்தில், எதிரணியின் சுனில் சேத்திரி உதைத்த பந்தை நடுவர் கோல் என்றார். நம்மவர் அணிவகுத்து நிற்குமுன் உதைத்தார் என்று சினந்து, வுகோமனோவிச் தம் அணியைக் களத்தினின்றும் வெளியே அழைத்துக்கொண்டார். கழகத்திற்கு 4 கோடி ரூபாயும், அவருக்கு 5 லட்ச ரூபாயும் 10 ஆட்டத் தடையும் தண்டமாயின. பின்னர் இருதரப்பும் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தனர். ஆனால் ஆசானே வருந்திய செயலை அன்பர்கள் வீரம் என்று கொண்டாடினர். ஆசானின் பிழையைப் பிழையென்று அறிந்தும் அவரை நேசிக்க முடியுமாயின் அதுவே அன்பு. பிழையைக் குணமாக்கினால்தான் நேசிக்க முடியும் என்பது அவர்மீதுள்ள அன்பன்று. நம் தெரிவின்மீது நாம் கொண்ட பற்று.

இவ்வளவும் கேட்ட தம்பி, "அப்படியானால் பேசாமல் இருப்பதுதான் தம்மமா, ஐயா?" என்றார். நல்ல கேள்வி. அன்று என்று நாம் உறுதியாகக் கூறுகிறோம்.

கோசாம்பி நகரில் பிக்குகள் சிறியதொரு விதிமீறல் பற்றி இரு பிரிவாகிப் பகைத்தனர். பகவன் அறிவுரை கூறியும் கேளாராயினர். அவர் நகரை நீங்கிப் பாரிலேயக வனத்திற்குத் தனியே சென்றார. தங்கள் ஆசான் போனமைக்கு இப்பிக்குகளே காரணம் என உணர்ந்த உபாசகர் என் செய்தனர்? கல்லெடுக்கவில்லை, வசை பாடவில்லை. அப்பிக்குகளுக்கு வணக்கம் செய்வதில்லை, பிட்சையிடுவதில்லை என்று கூடி முடிவு செய்தனர். அப்பிக்குகள் சாவத்தி சென்று பகவனைக் கண்டு பகை தீர்ந்தனர். கொடுப்பவனுக்குக் கொடாதிருக்கும் உரிமை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி விளக்குகிறது. அவ்வுரிமைக்கு மூன்று எல்லைகளும் இதிலேயே உள்ளன. காரணமானவர்மீதே அது சென்றது. காரணமில்லாத எவரையும் தீண்டவில்லை. செய்தவரின் கையையே அது ஒறுத்தது. பிறர் உடைமையை அழிக்கவில்லை. வாயில் மாசில்லாதிருந்தது.

மஞ்சள் படை என்று பொருள்படும் மஞ்ஞப்பட என்னும் அன்பர் குழு, 2024 டிசம்பரில் கழக நிருவாகத்தோடு முரண்பட்டு, நுழைவுச் சீட்டுகளை வாங்குவதும் விற்பதும் இனித் தம் பணியன்று என அறிவித்தது. ஆட்டக்காரர்களை ஆதரிப்பதை நிறுத்தவில்லை. அவர்கள் கோசாம்பிக் கதையை அறிந்திருந்தனரோ இல்லையோ, அவ்வழியிலேயே கால்வைத்தனர். உடைமை ஒருவருடையது, உள்ளம் பலருடையது என்றிருக்கும் இடத்தில், உடையவர் உள்ளமுடையோர்க்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர். பலர் அன்பினால் வாழும் ஒன்றை, அவ்வன்பினைக் கேளாமலே நடத்துவது முறையாகாது. அம்முறையீடு நேர்மையானது.

தம்பி விடவில்லை. "பிக்குகளுக்குப் பசித்தது; அதனால் இணங்கினார்கள். கழகத்தாருக்கு எங்கள் சீட்டுப் பணம் இல்லாவிட்டாலும் தொலைக்காட்சியும் விளம்பரமும் இருக்கின்றனவே. அவர்கள் செவிசாய்க்காவிட்டால்?" என்றார்.

இதற்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பேருந்து வந்து, ஏறி அமர்ந்து, சின்னாற்றுக் காட்டைக் கடக்கும் வரையில் அதனையே எண்ணினோம். நமக்குத் தோன்றிய விடை இதுவே: செவிசாய்க்காமற் போகலாம். கொடாமை வெல்லும் கருவி என்று மட்டும் கொண்டால், வெல்லாதபோது அடுத்த கருவியாக வசையும் கல்லும் வந்துவிடும். நாம் ஒவ்வாத செயலுக்கு நம் கை துணைபோகலாகாது என்பதற்காகக் கொடாதிருப்போமாயின், அதன் பயன் அன்றே கைகூடிவிடுகிறது. எதிரி இணங்கினாலும் இணங்காவிடினும் நம் கை தூயது. அப்பருவத்தில் அணி 8-ஆம் இடத்தில்தான் முடிந்தது. வெடி கொளுத்தியோர் பெற்றது ஒன்றுமில்லை. கைவிலக்கி நின்றோர் தம் நேர்மையையேனும் இழவாதிருந்தனர்.

போனவர்க்குச் செய்யவேண்டிய கடன்தான் யாது? பகவன் மறைந்தபின், மகத அமைச்சர் வஸ்ஸகாரர் ஆனந்தரிடம், உமக்கெல்லாம் தலைவராக அவர் யாரையேனும் குறித்துச் சென்றாரா என வினவினார். ஒருவரையும் குறிக்கவில்லை, தம்மமே எமக்குப் புகலிடம் என்ற கருத்துப்பட ஆனந்தர் விடையிறுத்தார். கதவு நிலையிற் சாய்ந்து அழுதவர் அவரே என்பதை மறவாதிருப்போமாக. அழுதவர் எழுந்து நின்றார். ஆசான் கற்பித்தது அவரிடம் இருந்தது.

நம் சங்க வரலாறும் இதுவே. 1914-இல் அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் புத்த தம்மத்தைக் கைவிட்டாரில்லை. அப்பாதுரையார் முதலியோர் 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினர். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் திரிசரணம் ஏற்ற அண்ணல் அம்பேத்கர், அவ்வாண்டு டிசம்பர் 6-இல் மறைந்தார். ஆசானைப் பெற்று இரண்டு திங்களும் நிரம்பவில்லை. அவர் உடல் எரியூட்டப்பெற்ற தாதர்க் கடற்கரையில் அம்மாதத்திலேயே திரளானோர் திரிசரணம் ஏற்றனர். பந்தாட்ட ஆசானை இவர்களோடு ஒப்பிடுவதாக எவரும் கருதற்க. இழப்பின் அளவு வேறு. இழந்தவன் செய்யத்தக்கது வேறன்று.

காந்தலூர்த் தம்பிக்கு நாம் பின்னர் எழுதிய மடலில் கண்ட சொற்களோடு முடிக்கிறோம்: உன் ஆசான் உனக்குத் தலைநிமிர்ந்து நிற்கக் கற்பித்தார் என்கிறாய். அயலூரிலிருந்து வந்த ஒருவனைத் தலைகுனியச் செய்வது அப்பாடத்தில் இருந்ததா என்று பார். கேட்கவேண்டியவரைக் கேள், கொடாதிருக்க வேண்டின் கொடாதிரு, ஆனால் நாளை அந்த நாற்காலியில் யார் வந்து அமர்ந்தாலும், முதல் ஆட்டத்தன்று அவர்க்கும் கைதட்டு. அக்கைதட்டல் போனவர்க்கும் உரியது.