ஊன்றிய கால்

இறைவனின் ஐந்தொழில்களில் நான்காவதுதான் என்னை நீண்ட காலம் உறுத்திக்கொண்டிருந்தது. படைக்கிறான், காக்கிறான், அழிக்கிறான், அருள்கிறான் என்பதையெல்லாம் யாருக்கும் விளக்கிவிடலாம். மறைக்கிறான் என்று சொல்லும்போதுதான் கேட்பவர் முகம் மாறும். உண்மையை உயிருக்குக் காட்டாமல் வைத்திருப்பது எப்படிக் கருணையாகும்? சைவ சித்தாந்த நூல்கள் இதற்குத் திரோதானம் என்று பெயரிட்டு, இதுவும் அருளின் செயலே என்கின்றன. உயிரைக் கட்டும் அழுக்குகளான மலங்களோடு கூடி நின்று அவற்றைப் பக்குவப்படுத்துவதால்தான் இந்த மறைப்புச் சக்தியையும் மலம் என்று சொல்வது வழக்கமாயிற்று என்று சிவப்பிரகாசத்தில் உமாபதி சிவம் விளக்குகிறார். படித்தபோது விளங்கியது. மனம் மட்டும் ஒப்பவில்லை.

ஒப்ப வைத்தது ஒரு லினக்ஸ் கணினி.

வாடிப்பட்டிப் பக்கம், பெரியாறு பாசனக் கால்வாயை ஒட்டிய ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பறை நடக்கிறது. பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அங்கிருக்கும் பழைய கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எல்லாவற்றிலும் லினக்ஸ்தான். உரிமக் கட்டணம் கிடையாது, வயதான இயந்திரத்திலும் ஓடும். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் ஏற்றிக் கொடுத்தார்கள். அதனால் இந்த ஊர்ப் பிள்ளைகளின் அண்ணன் அக்காமாருக்கே லினக்ஸ் பழகிய பெயர்.

யாரோ கொடுத்த 20 அங்குல மானிட்டர் ஒன்றை மாட்டினோம். அகலத்தில் 1600, உயரத்தில் 900 புள்ளிகள் கொண்ட திரை. வந்த எழுத்தோ பக்கவாட்டில் இழுபட்டு, ஓரமெல்லாம் மங்கிக் கிடந்தது. அமைப்பைத் திறந்து பார்த்தால் 1024-க்கு 768 என்பதற்கு மேல் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், மானிட்டர்ல அவ்வளவு புள்ளி இருக்குல்ல, அப்புறம் ஏன் சிஸ்டம் அதைக் காட்டவே மாட்டேங்குது?”

இத்தனை ஆண்டும் நான் நூல்களிடம் கேட்டுவந்ததும் இதைத்தானே!

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மானிட்டருக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு. நான் யார், எத்தனை புள்ளி, எந்த வேகத்தைத் தாங்குவேன் என்ற விவரம் அதில் 128 பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். ஈடிஐடி என்று பெயர். 1994-இல் வேசா என்ற அமைப்பு வகுத்த முறை. நீல முனை கொண்ட விஜிஏ கேபிளில் 12-ஆம் பின்னும் 15-ஆம் பின்னும் இந்த விவரத்தைச் சுமந்து வருபவை. மலிவு கேபிள்கள் சிலவற்றில் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். படம் வந்துவிடும். மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல் மட்டும் வந்து சேராது.

எதிரில் இருப்பது யாரென்று தெரியாத நிலையில் லினக்ஸ் என்ன செய்யும்? பெரும்பாலும் எந்த மானிட்டரும் தாங்கக்கூடிய 1024-க்கு 768-ஐக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலுள்ளதை மறைத்துக்கொள்ளும். பழைய டியூப் மானிட்டர்களுக்குத் தாங்காத அதிர்வெண்ணை அனுப்பினால் அவற்றின் சுற்றே பழுதாக வாய்ப்புண்டு. இன்றைய தட்டைத் திரைகள் என்றால் வரம்பு மீறியது என்று ஒரு வரி காட்டிவிட்டு இருண்டுவிடும். 14,40,000 புள்ளிகள் இருந்தும் 7,86,432 புள்ளிகள் அளவுக்குத்தான் படம் வருகிறது என்பது குறைதான். ஆனால் அந்தக் குறையால்தான் திரை இருளாமல் இருக்கிறது.

தாங்கும் நிலை வரும்வரை மறைத்து வைப்பது காப்பதன் ஒரு வடிவம் என்பது எனக்கு அன்று பட்டது. சித்தாந்தம் சொல்வதும் அதுவே. வினையின் பயன் முழுவதும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் உயிர் உலகத்தில் இறங்கி நுகர முன்வராது. நுகராமல் வினை கழியாது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது. கணினி அறியாமல் மறைக்கிறது, இறைவன் அறிந்தே மறைக்கிறான். அந்த இடத்தில் இந்த ஒப்புமை நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இழுக்க நான் விரும்பவில்லை.

என்னை முழுவதும் ஒப்பவைத்தது அடுத்து நடந்த வேலைதான். மங்கலான அதே திரையில் டெர்மினலைத் திறந்தோம். சிவிடி என்ற கட்டளைக்கு 1600, 900, 60 என்று கொடுத்தால் 118.25 மெகாஹெர்ட்ஸ் என்று தொடங்கும் ஓர் எண்வரிசை கிடைக்கும். அதை எக்ஸ்ரேண்டர் கட்டளையால் புதிய அளவாகப் பதிந்து, விஜிஏ இணைப்போடு சேர்த்து, அதற்கு மாறச் சொன்னோம். எழுத்துகள் தம் அளவுக்குச் சுருங்கித் தெளிந்தன. (வேலண்ட் என்ற புதிய திரை முறையில் ஓடும் கணினிகளில் இந்தக் கட்டளையால் பயனில்லை; கணினி தொடங்கும்போது லினக்ஸுக்குக் கொடுக்கும் வரியிலேயே அளவைக் குறிப்பிட வேண்டும்.) மானிட்டருக்குப் புதிதாக ஒரு புள்ளியும் சேரவில்லை. அதற்கு இயல்பாக இருந்ததை, அறிந்தவர் ஒருவர் எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். வேடர் நடுவே வளர்ந்த அரச குமாரனுக்கு அவன் யாரென்று குரு உணர்த்துவதாக மெய்கண்டார் சிவஞான போதத்தின் எட்டாம் சூத்திரத்தில் சொல்வது இதைத்தான்.

மறைப்பைக் கடக்கும் கட்டளையை அந்த மறைப்பு விட்டுவைத்த திரையில்தான் தட்டினோம் என்பதைக் கவனியுங்கள். மலம் பக்குவப்பட்டதும் திரோதான சக்தியே அருட்சக்தியாக மாறுகிறது, வேறொரு சக்தி வந்து அதை விலக்குவதில்லை என்று சித்தாந்த வகுப்பில் ஒப்பிப்போமே, அதன் பொருள் எனக்கு அங்கே திறந்தது.

மதுரைக்காரர்களுக்கு இது கண்முன்னேயே இருக்கிறது. ஆடும் பெருமானின் ஊன்றிய பாதம் மறைத்தலையும் தூக்கிய பாதம் அருளையும் குறிப்பதாக மனவாசகம் கடந்தாரின் உண்மை விளக்கம் சொல்கிறது. பெரும்பாலான மற்றத் தலங்களில் ஊன்றியிருப்பது வலக்கால். மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் இறைவன் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி ஆடுகிறான். ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று இராசசேகர பாண்டியன் வேண்டியதற்காக மாறினான் என்பது திருவிளையாடற் புராணம். தில்லையில் மறைக்கும் கால் இங்கே அருள்கிறது. இரண்டும் ஒருவன் கால்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

இந்தக் கொள்கையைத் தவறாகக் கையாள்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. “கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது போதும்”, “உனக்கு விதித்தது இவ்வளவுதான்” என்று சொல்லி ஒரு தலைமுறையின் பார்வையைக் குறுக்கிவிட்டு, அதற்கு இறைவன் சித்தம் என்று பெயர் வைக்கிறார்கள். இறைவனின் மறைப்பு தன்னைக் கடக்கும் வழியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும், காலம் வந்ததும் தானே விலகும். மனிதர் போடும் மறைப்பில் வழியும் இருக்காது, விலகும் எண்ணமும் இருக்காது. காசு மிச்சம் பிடிக்க இரண்டு பின்களை விட்டுவிட்டுச் செய்த கேபிளுக்கும் திரோதானத்துக்கும் சம்பந்தமில்லை. அதை மாற்றத்தான் வேண்டும்.

பள்ளிக்கோ படிப்பறைக்கோ பழைய மானிட்டர் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுக்கும் முன் விஜிஏ கேபிளின் முனையைத் திருப்பிப் பாருங்கள். 12-உம் 15-உம் இல்லையென்றால் நல்ல கேபிள் ஒன்று வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.