அளவும் களவும்

மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட இடம், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம். ஆண்டு 1917. நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. 

செம்பனைக் குலையை வெட்டித் தள்ளும்போது கட்டைவிரல் பருமனில் பழங்கள் மரத்தடியெங்கும் சிதறும். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். எண்ணெய் அதிகம் இந்த உதிரியில்தான். ஒரு சாக்கை வெளியே விற்றால் திருட்டு, அதில் சந்தேகமில்லை. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு நுணுக்கமானது: மரத்தில் இருக்கும்வரை பழம் நிலத்தோடு சேர்ந்தது, அறுந்து விழுந்ததும் திருடக்கூடிய பொருள். வேலையாள் முதலாளியிடம் திருடினால் அதற்கென்றே 381ஆம் பிரிவு. 1860இல் இந்தியாவுக்கென இயற்றப்பட்ட சட்டத்தின் வார்ப்பு இது. அதன் மூல வரைவைத் தயாரித்த மெக்காலே குழு, இங்கிலாந்தில் வழங்கிய ‘லார்சனி’ என்ற பழஞ்சொல்லை ஒதுக்கியது. 12 பென்ஸுக்கு மேல் திருடியவனை ஒருகாலத்தில் தூக்குவரை கொண்டுபோன சொல் அது. இங்கிலாந்து அதைக் கைவிட 1968 ஆயிற்று.

பொறுக்கியவனுக்கு இத்தனை பிரிவு. நிறுத்தவனுக்கு?

பால்மரக் காலத்தில் ரப்பர்ப் பால் நிறுக்கும் தராசு, தோட்டத்து எழுத்தரான கிராணி கையில். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் பேர் விழாமல் போனால் அந்த நாள் கூலி போனதுதான். 1951இல் சேமநிதிச் சட்டம் வந்தது. சம்பளத்தில் பிடித்ததை வாரியத்தில் கட்டாத முதலாளிகளும் வந்தார்கள். ‘கணக்கில் கொஞ்சம் இழுபறி’ என்போம். கள்ளன் என்று சொல்ல நமக்கு நா எழாது. கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் களவுக்கு எதிராக நிறுத்துவது அளவை. தராசு பிடிப்பவர்கள் அந்த அதிகாரத்தைப் படிக்க வேண்டும்.

இன்று குலை வெட்டுபவர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். வேலையை மேற்பார்க்கும் மண்டோராகவும் குத்தகைக்காரராகவும் நம்மவரும் இருக்கிறார்கள். அயல் தொழிலாளரை வைத்துக்கொள்ள அரசுக்குச் செலுத்தும் லெவியை 2018 முதல் முதலாளியே கட்ட வேண்டும். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டையும் அறிந்தே மாதாமாதம் ‘லெவிக்கு’ என்று கூலியில் பிடித்து, கடப்பிதழைப் பெட்டியில் பூட்டி வைக்கிறவர், தாம் திருடுவதாக நினைப்பதில்லை. அவருடைய அப்பா கிராணியின் தராசில் ஏமாந்தவராகக்கூட இருக்கலாம். ஆடியில் மாரியம்மன் கோவிலுக்கு அவர்தான் பெரிய உபயகாரர். உபயச் சீட்டு எழுதும் நிர்வாகத்தார், அவரிடம் தொழிலாளர்களின் சம்பளச் சீட்டையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.